கழுத்துப் பலகை

கீசி நகரச் சந்தையில் பழைய துணி விற்கும் போசிபோரிக்கு வாய் அதிகம். நகராட்சி ஆள் வந்து மிரட்டினால், அவன் வந்த வழியே ஓடும்படி பதில் சொல்லுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவதென்றால் பயம்.

நூலகத்தில் சனிக்கிழமை மதியம் நடக்கும் கதை எழுதும் வகுப்பில் சேர்ந்ததும் அந்தப் பயத்தோடுதான். மகன் ஒன்சிரியின் பிள்ளைகள் நைரோபியில் வளர்கிறவர்கள்; தாய்மொழி வராது. செத்துப்போன அம்மாவை அவர்களுக்குச் சொல்ல ஆங்கிலத்தை விட்டால் வேறு வழியில்லை. நாலு வாரம் முக்கி முனகி எழுதினாள். அம்மா நல்லவள். அம்மா தேயிலை பறிப்பாள். அம்மா கஞ்சி காய்ச்சுவாள்.

ஆசிரியை கெருபோ வாசித்துவிட்டு, "ஒரு தப்புகூட இல்ல, ஒன்சிரி அம்மா. ஆனா இதுல உங்க அம்மாவையும் காணோமே" என்றாள்.

எப்படி இருப்பாள்? போசிபோரி படித்த பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினாலும், ஆங்கிலத்தில் தடுக்கினாலும், கழுத்தில் ஒரு மரப்பலகையைக் கயிற்றில் மாட்டிவிடுவார்கள். வேறொரு பிள்ளை வாய் தவறினால் அதன் கழுத்துக்கு மாற்றலாம். மணி அடிக்கும்போது பலகை யாரிடமோ, பிரம்படி அவருக்கு. நிச்சயமாகத் தெரிந்த வாக்கியத்தை மட்டும் பேசிவிட்டு, மற்ற நேரம் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகினாள். அந்த மகராசன்கள் இலக்கணம் சொல்லிக்கொடுத்த லட்சணம் இதுதான்.

"தப்பு வரட்டும். முதல்ல கதை வரட்டும். இலக்கணத்தைப் பிறகு கூப்பிட்டுக்கலாம், அது எங்கயும் ஓடிடாது" என்று கெருபோ சொன்னாள். அன்றிரவு போசிபோரி பயந்து பயந்து வேறு கதை எழுதினாள்.

அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். முன்வரிசையில் நியாம்வெயா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தன் சரித்திரம் எழுத வந்தவர், ஊரார் பிழையையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததுமே போசிபோரிக்குப் பழைய பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. பலகை தன் கழுத்தில் கிடந்த நாளில், அம்மா கஞ்சிக் குடுவையோடு பள்ளி வேலியருகே வந்த இடம் வரை எப்படியோ வாசித்துவிட்டாள்.

"நில்லுங்க! அந்த வரி தப்பு" என்றார் நியாம்வெயா.

போசிபோரியின் தலை தானாகக் குனிந்தது. கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். கயிறு விழும் என்று காத்திருந்தாள். தான் செய்வது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. அறையில் நரைத்த தலைகள் எல்லாவற்றுக்கும் தெரிந்தது. அவர்கள் கழுத்திலும் அந்தப் பலகை தொங்கியதுண்டு.

கெருபோ எழுந்து பக்கத்தில் வந்தாள். "பலகையைப் பாத்து அம்மா என்ன சொன்னாங்க?"

"அது... ஆங்கிலத்துல வரல, டீச்சர்."

"வந்த பாஷையிலயே சொல்லுங்களேன்."

போசிபோரி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். யாரும் பலகையோடு வரவில்லை. அம்மாவின் குரலில், அம்மாவின் மொழியில் சொன்னாள்: "அடியே, என் தங்கம்! பரிசு வாங்கிட்டியா? தெருவெல்லாம் சொல்லப்போறேன்டி!"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

நியாம்வெயா மெதுவாகக் கேட்டார். "அது என்னன்னு அம்மாகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

"எப்படி சார் சொல்றது? சாகக் கெடந்தப்பகூட, அந்தப் பரிசை எங்கடி வெச்சேன்னு கேட்டாங்க."

நியாம்வெயா, பிள்ளைகளுக்குப் பலகை மாட்டிப் பழகிய தன் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.