குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?

அடுத்த வீட்டுக் கதையைத் துருவிக் கேட்டால் வம்பு என்பார்கள். அதையே சம்பளம் கொடுத்துக் கேட்கச் சொல்கிற வேலை என்னுடையது. புதுக்கோட்டையில் மூட்டு வாத டாக்டர் ஒருவரிடம் பன்னிரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியின் குடும்ப விவரத்தை ஃபாரத்தில் எழுதி வைப்பது என் பாடு. எங்கேயாவது கவுண்டரில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பித் தலைவலி வாங்கியவர்கள் உங்களில் இருந்தால் என் கஷ்டம் புரியும். பெயர், வயது, ஊர் வரைக்கும் எல்லாரும் மளமளவென்று சொல்வார்கள். "குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்றால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும்.

சுத்தமான வம்சம்

கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து சின்னையா என்பவர் மகள் அமுதாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முந்திரித் தோப்புக்காரர். மகள் தனியார் பள்ளியில் டீச்சர், இருபத்தைந்து வயசு. கன்னமெல்லாம் சிவந்து, விரல் மூட்டெல்லாம் வீங்கி, சிறுநீரிலும் புரதம் போகத் தொடங்கியிருந்தது. லூபஸ். உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிற வியாதி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அடங்கியிருக்கும். ஆனால் அப்பாவுக்குக் கவலை வேறு. கீரனூரில் அவருடைய தங்கச்சி மகன் பிரபுவுக்கு அமுதாவைப் பேசி வைத்திருந்தார்கள். பரம்பரை நோயாக இருந்தால் கல்யாணம் கிடையாது என்று தங்கச்சி கண்டிஷன் போட்டுவிட்டதாம்.

அதனால் ஃபாரத்தில் "யாருக்கும் இல்லை" என்று எழுதிவிடச் சொல்லிக் கெஞ்சினார். பக்கத்தில் அமுதா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அவரோ முழங்காலில் சுற்றியிருந்த பேண்டேஜைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எங்க வம்சத்துல ஆஸ்பத்திரி வாசலை மிதிச்ச ஆளே கிடையாது சிஸ்டர், அப்புடியே எழுதிக்கங்க."

கேட்கிற விதம்

நான் ஒன்றும் நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவள் இல்லை. வியாதியின் பேரைச் சொல்லிக் கேட்டால் பதில் வராது என்பதைப் பல வருஷத்துக்கு முன்பே படித்துக்கொண்டேன். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது நோயாளியாக வந்த ஒரு தையல்கார அம்மா. வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை என்று அந்த அம்மா சத்தியம் பண்ணாத குறை. சரி, விடுவோம் என்று பேச்சுவாக்கில் வேறு மாதிரி கேட்டேன். வாய் காய்ந்து, தண்ணி இல்லாமல் முறுக்கு தின்ன முடியாதவர் யார்? வெயிலில் நாலடி நடந்தால் முகம் தடிக்கிறது யாருக்கு? மார்கழிக் குளிரில் விரல் வெளுத்துப்போவது யாருக்கு?

அக்கா, சித்தி, சித்தி மகள் என்று மூன்று பேர் வரிசையாக வந்து விழுந்தார்கள். இதெல்லாம் இந்த ஜாதி வியாதியின் அறிகுறி, டாக்டரிடம் காட்டவேண்டிய சங்கதி என்று சொன்னேன். அந்த அம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டது: "இதெல்லாம் வியாதியா சிஸ்டர்? நாங்க அவுங்க சுபாவம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

கணக்கில் வராத ஆள்

சின்னையாவிடமும் அதே மாதிரிதான் ஆரம்பித்தேன். கூடப் பிறந்தவர்களைச் சொல்லச் சொன்னால் மூன்று தம்பிகளைச் சொன்னார். கேட்காமலே பெண்டாட்டியைச் சேர்த்தார், தம்பி பெண்டாட்டிகளைச் சேர்த்தார். கீரனூர்த் தங்கச்சி மட்டும் பட்டியலில் இல்லை. இந்த வியாதி பெரும்பாலும் பெண்களைப் பிடிப்பது. அந்தப் பெண்களையே இவர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் நான் எதை எழுத?

கட்டிக் கொடுத்தால் ரேஷன் கார்டில் பேரை எடுக்கலாம், ரத்தத்தில் எடுக்க முடியாது என்று பொறுமையாகத்தான் சொன்னேன். கூடப் பிறந்த அக்கா தங்கச்சியெல்லாம் அந்த வீட்டு ரத்தம், தம்பி பெண்டாட்டிகள்தான் வேறு ரத்தம் என்றும் சொன்னேன். மனுஷனுக்கு மனசே ஆறவில்லை. என்னமோ நான் சொத்தில் பங்கு கேட்டது மாதிரி முறைத்துவிட்டுச் சொன்னார்: "அதைக் கட்டிக் குடுத்து முப்பது வருசம் ஆச்சு சிஸ்டர், அது இப்ப கீரனூர் ஆளு."

கீரனூர் ஆள்

அடுத்த வாரம் அந்தத் தங்கச்சி மரகதம் அம்மாவே அமுதாவையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டது. டாக்டர் வாயால் கேட்டால்தான் நம்புமாம். டாக்டரும் உட்காரவைத்து விளக்கினார். பிறக்கும்போது கூடவே வருவது நோய் இல்லை, நோய்க்கு இடம் கொடுக்கிற தன்மை மட்டும்தான். அது இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு நோய் வருவதே இல்லை. அமுதாவுக்கு வியாதி அடங்கியிருக்கும்போது, டாக்டர் யோசனைப்படி, கல்யாணமும் குழந்தையும் தாராளமாகச் சரிப்பட்டு வரும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, எங்கள் வீட்டுக்குள் இந்த ரத்தம் வேண்டாம் என்று எழுந்துவிட்டது. அமுதாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அம்மாவை அப்படியே பஸ் ஏற்றி அனுப்பியிருப்பேன்.

ஆனால் ஏசி அறையிலிருந்து வெளியே வந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாய் காய்ந்து, பையிலிருந்த பாட்டிலை எடுத்து எடுத்துக் குடித்தது. தனியாகக் கூப்பிட்டுப் பிரஷர் பார்க்கிற சாக்கில், கை எப்பவும் இப்படித்தானா என்று கேட்டேன். வெந்நீர் இல்லாமல் பாத்திரம் கழுவி இருபது வருஷம் ஆகிறது என்றது. பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னது: "இது குளுருக்கு வாரது சிஸ்டர், எங்க பொறந்த வீட்டுப் பொம்பளைகளுக்கெல்லாம் இப்புடித்தான்."

சொல்லி முடித்ததும் அதற்கே உறைத்துவிட்டது. டாக்டரிடம் கையைக் காட்டலாமா என்று மெல்லக் கேட்டேன். என் பின்னாலேயே நடந்து வந்தது.

ஆட்சேபணை இல்லை

ரத்தப் பரிசோதனையில் அந்த அம்மாவுக்கும் அதே ஜாதி வியாதியில் லேசான ரகம் என்று வந்தது. இந்த ரகம் தொடக்கூடிய நுரையீரலையும் பார்த்தார்கள், அது நன்றாக இருந்தது, பயப்பட ஒன்றும் இல்லை. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த அம்மாவே அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அமுதாவோடு கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டு, மகன் பிரபுவையும் கூட்டிக்கொண்டு வந்தது. அமுதாவின் கையைப் பிடித்து, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, நாள் குறிப்போம் என்றது. சின்னையாவுக்கு முகமெல்லாம் பல். எனக்கும் சந்தோஷம்தான்.

அமுதா மட்டும் சிரிக்கவில்லை. சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு அந்தத் தன்மை இரண்டு பக்கமும் சேர்ந்து வருமா என்று டாக்டரிடம் கேட்டது. கொஞ்சம் கூடலாம், அதற்காக வியாதி வந்தே தீரும் என்று அர்த்தமில்லை என்றார் டாக்டர். அமுதா தலையாட்டிவிட்டு, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சொன்னது: "சந்தோசம் அத்தை. மச்சானும் சிஸ்டர்கிட்ட ஃபாரம் எழுதட்டும், பாத்துட்டு நான் என் முடிவைச் சொல்றேன்."

பெண் பார்க்கப் போய்க் கேள்வி மேல் கேள்வி கேட்ட மாப்பிள்ளை வீட்டார் எத்தனையோ உண்டு, ஆனால் மாப்பிள்ளை கைகட்டி உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் ஒன்றுவிடாமல் உண்மை சொன்னது எனக்குத் தெரிந்து எங்கள் கிளினிக்கில் மட்டும்தான்.