மஜெல்லா டீச்சர் மகளின் வெள்ளை வளையம்

நடன டீச்சர் மஜெல்லா ஃபூடி எனக்கு நானூறு பவுண்டு தர வேண்டியிருந்தது. அயர்லாந்தின் கானாட் வட்டாரப் போட்டிக்காக அவளுடைய மாணவிகள் எல்லோருடைய கால்களுக்கும் நான் பழுப்பு நிறம் பூசிய கூலி அது. பவுண்டு போய் யூரோ வந்தது. என் ஒரு கடை மூன்று கடையாயிற்று. அந்தக் கூலி மட்டும் வரவில்லை.

என் பெயர் கன்செப்டா மல்கெரின். ராஸ்காமன் பக்கத்தில், வெளிறிய தோலுக்கு நிறம் ஏற்றுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாது என்பார்கள். வேறு யார் சொல்லப்போகிறார்கள்? பதிமூன்று வயதில் பள்ளியை விட்டு, பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டப் போனவள் நான். எனக்கு வாய்த்த முதல் சரக்கு என் தோல்தான். உள்ளே ஓடும் நரம்பெல்லாம் நீலமாகத் தெரியும். மே மாத வெயிலுக்கே வெந்துபோகும்.

மருந்துக்கடையில் விற்ற லோஷன் எல்லாவற்றையும் என் கால்களில்தான் பூசிப் பார்த்தேன். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. ஒரு கால் கேரட், ஒரு கால் பால். அப்படியே ஞாயிறு பூசைக்கும் போனேன். "ரெண்டு பொண்டாட்டி கட்டின மாதிரி இருக்குடி" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். கடைசியில் கண்டுபிடித்தது நான். சிவப்புச் சாயல் எங்கள் தோலில் ஆரஞ்சாகத்தான் ஏறும். பச்சைச் சாயல் உள்ளதை வாங்கி, வெறும் கிரீமைச் சரிபாதி சேர்த்து, ஒரேயடியாக அப்பாமல், மெல்லிசாக இரண்டு இரவு பூச வேண்டும். முட்டிக்கும் குதிகாலுக்கும் முதலில் எண்ணெய் தடவ வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்கு எனக்கு நாலு வருடம் பிடித்தது.

மேடை விளக்கில் வெள்ளைக் கால் மெழுகுவர்த்தி போலத் தெரியும், அசைவே புலப்படாது. அதனால் மஜெல்லா தன் பெண்களை என்னிடம் கூட்டிவந்தாள். எல்லோரிலும் வெளுப்பு அவளுடைய சொந்த மகள் டெர்வ்லா. பயிற்சி முடித்த கையோடு அவளை இழுத்து வந்திருந்தாள். ஆடும்போது காலுறை நழுவாமலிருக்கக் காலில் பசை தடவி ஒட்டுவார்கள். அந்தப் பசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் மேல் நிறம் பிடிக்காது.

"பசையைச் சோப்பு போட்டுக் கழுவியாச்சா, டீச்சர்?"

"எல்லாம் ஆச்சு. நீங்க பூசுங்க, நேரமாகுது."

பூசினேன்.

பயிற்சிக்கு நீளக் காலுறை, மேடைக்குக் குட்டைக் காலுறை. போட்டியன்று காலையில் டெர்வ்லாவின் கெண்டைக்காலில், நீளக் காலுறை ஒட்டியிருந்த அதே உயரத்தில், ஒரு வெள்ளை வளையம். மஜெல்லா பதறிப்போய் யாரிடமோ கிடைத்த கறுத்த லோஷனை அதன் மேல் அப்பினாள். மேடை ஏறுவதற்குள் அது வழிந்து ஆரஞ்சுக் கோடுகளாயிற்று. டெர்வ்லா பாதி ஆட்டத்தில் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள்.

"இறைச்சி கட்டின கைகிட்ட என் புள்ளையைக் கொடுத்தேன் பாரு!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் மஜெல்லா. கூலியும் தரமாட்டேன் என்றாள். பசை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வருடம் ஒரு கால்கூட என் கடைக்குள் வரவில்லை. இரண்டு குளிர்காலம் மறுபடியும் தொழிற்சாலையில் பன்றி இறைச்சி கட்டினேன். கல்யாணத்துக்கு நிறம் பூசிக்கொள்ள வந்த மணப்பெண்கள்தான் என்னை மெல்ல மெல்ல மீட்டார்கள்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, கடையின் பின்கதவைத் தட்டினாள் மஜெல்லா. கூடவே தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு டெர்வ்லா. சனிக்கிழமை கல்யாணம். டப்ளினில் யாரோ நிறம் பூசிவிட்டதில் முகம் முதல் விரல் வரை பழுத்த பூசணி.

"உங்களை விட்டா ஆளில்லை, கன்செப்டா."

"இருபது வருஷமா நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். இருக்கிற நிறத்தை உரிச்சு எடுக்கணும், ரெண்டு ராத்திரி புதுசா பூசணும். பண்ணலாம். முதல்ல பழைய கணக்கு. நானூறு பவுண்டு, இன்னிக்கு ஐந்நூத்தி எட்டு யூரோ."

"இப்ப போயா அந்தப் பேச்சு?"

"அதோட, மண்டபத்துல கத்தினீங்களே, அதை ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல மாத்திச் சொல்லணும். கன்செப்டா மேல தப்பில்லைன்னு."

துண்டுக்குள்ளிருந்து டெர்வ்லா பேசினாள். "பசையை நான் கழுவலை, ஆன்ட்டி. அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேன்."

நான் மஜெல்லாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

"காசு தர்றேன்" என்றாள் மஜெல்லா. "கோயில் வாசலெல்லாம் என்னால முடியாது. என்கிட்ட படிக்கிற பொண்ணுங்க இன்னும் போட்டியில ஆடுறாங்க, என் பேரு கெட்டுடும். கல்யாணத்துல யாராவது கேட்டாலும் டப்ளின்லதான் பூசினோம்னு சொல்லுவோம்."

அந்தப் பெண் துண்டை இன்னும் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் முகத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

மஜெல்லா நோட்டுகளை மேசை மேல் வைக்கப்போனாள்.

"கையில" என்றேன். "எண்ணி."

"சந்தை வழக்கப்படி, காசு வாங்கினவங்க அதிர்ஷ்டக் காசுன்னு ஒரு இருபது யூரோவாவது திருப்பித் தருவீங்கல்ல?"

"இது மாட்டுச் சந்தை இல்ல, டீச்சர்."

ஐம்பது ஐம்பதாக வைத்தாள். கடைசி எட்டு யூரோவுக்குப் பையைத் துழாவி, சில்லறையை ஒவ்வொன்றாக, நான் விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.