முதலில் ஒரு நகல்

அந்த வீட்டில் என்னை நர்ஸம்மா என்பார்கள். நான் நர்ஸ் இல்லை. நோயாளிகளை வீட்டில் வைத்துக் கவனிப்பதற்குப் பயிற்சி எடுத்தவள். முதல் வாரம் இரண்டு முறை திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, அந்த வீட்டுப் பெண் எட்டு மாதம் வேலை தேடியதைப் பற்றி.

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். முப்பத்தாறு வயதுப் பாப்பா. ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருடம் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு வெளிநாட்டில் ஒரு மலைப்பகுதி மருத்துவமனைக்குத் தொண்டு செய்யப் போனாள். அங்கே ஒரே கம்ப்யூட்டர். மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அவள் போவதற்குச் சில நாள் முன்புதான் நானூறு நோயாளிகளின் மருந்துக் கணக்கு மொத்தமாக அழிந்திருந்தது. காலி மாத்திரை அட்டைகளையும் நர்ஸுகளின் ஞாபகத்தையும் வைத்து அதைத் திரும்ப எழுத அவளுக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குப் பிறகு எதில் கை வைப்பதானாலும் முதலில் ஒரு நகல் எடுப்பாள். அந்த நகல் திறக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் வேலை.

இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் திரும்பி வந்தாள். நானும் அதே வாரம்தான் அங்கே சேர்ந்தேன்.

அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "சரி." தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி. பக்கவாதத்தில் இப்படி ஆவது உண்டு. உண்மையில் பிடிக்கவில்லை என்றால் இடது கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிப்பார். அதைப் பார்த்துத்தான் நான் வேலை செய்தேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். விரிப்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையைப் பாப்பா பிடிப்பாள். அவளுடைய இன்டர்வியூ கதைகளெல்லாம் எனக்கு இந்த விரிப்புக்கு மேலாக வந்து சேர்ந்தவைதான்.

"ரெண்டு வருஷம் ப்ரேக் எடுத்தீங்களான்னு கேட்டான். ப்ரேக் இல்ல, வேலை பாத்தேன்னேன். சம்பளம் வாங்கினீங்களான்னான். இல்லன்னேன். அப்ப ப்ரேக்தானே மேடம்னு டிக் பண்ணிட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்த சொல்றது. அவன் ஃபார்ம்ல அந்தக் கட்டம்தான் இருக்கு."

அறுபது எழுபது இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருப்பாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் ஒரே கடிதத்தை அனுப்பினார்கள், வார்த்தைகூட மாறாமல்.

அவளுடைய அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கார் சாவியைக் கையிலேயே வைத்திருப்பார். ஏழாவது மாதத்தில் ஒரு ஞாயிறு, வந்ததும் ஆரம்பித்தார்.

"எதுக்குப் போட்டு அலையுற. வீட்லயே இரு. அப்பாவ நீ பாத்துக்க. நர்ஸம்மாவுக்கும் வயசாகுது."

"நான் சர்வர் பாக்குறவ அண்ணா."

"ஊர் பேர் தெரியாதவங்களுக்கு ரெண்டு வருஷம் ஓசில செஞ்சல்ல? பெத்தவருக்குச் செய்ய மட்டும் கசக்குதா?"

அண்ணன் கட்டில் பக்கம் திரும்பினார். "என்னப்பா, பாப்பாவே பாத்துக்கட்டுமா?"

"சரி," என்றார் அப்பா.

"பாத்தியா."

பாப்பா எழுந்து வந்தாள். "அப்பா, அண்ணன் வேலைய விட்டுட்டு வந்து உங்கள பாத்துக்கட்டுமா?"

"சரி."

"பாத்தியா," என்றாள்.

அப்பாவின் இடது கை கம்பியில் இருந்தது. நான் அண்ணனிடம், "அது சம்மதம் இல்ல சார், கையப் பாருங்க," என்றேன்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. உங்க வேலை போயிடுமே."

"போகும்தான்," என்றேன். "கை கம்பியிலதான் இருக்கு."

கடைசியில் அவர் கெடு வைத்தார். அடுத்த மாதக் கடைசி ஞாயிறுக்குள் வேலை கிடைக்காவிட்டால் நான் வேலையை விட்டு நிற்க வேண்டும், பாப்பா வீட்டோடு இருப்பாள். என்னை வேறொரு வீட்டில் கேட்டிருந்தார்கள். அவர்களிடமும் அந்தத் திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன்.

அந்த ஐந்து வாரத்தில் இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். இரண்டிலும் செய்முறைத் தேர்வு. பழுதான ஒரு சர்வரைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்யச் சொல்வார்கள்.

முதல் இடத்தில் அவள் உட்கார்ந்ததும் நகல் எடுத்தாள். அது திறக்கிறதா என்று பார்த்தாள். இருபத்தைந்து நிமிடம் அதிலேயே போனது. பழுதைக் கண்டுபிடித்துப் பாதி சரிசெய்யும்போது நேரம் முடிந்துவிட்டது.

"இது டெஸ்ட்தான் மேடம், உள்ள இருக்குறதெல்லாம் பொய் டேட்டான்னு சொல்றான். தெரியும்னேன். தெரிஞ்சும் ஏன் காப்பி எடுத்தீங்கன்னு கேக்குறான்."

"ஏன் எடுத்த?"

"கை தானா போயிடுச்சு."

விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். பயிற்சியின்போது ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டுவதற்கும் முழங்கையை விட்டு வெந்நீரின் சூடு பார்த்தவள் நான். என்னத்தைச் சொல்ல.

இரண்டாவது இடத்துக்குப் போகும்போது மணிக்கட்டில் பேனாவால் 'காப்பி எடுக்காதே' என்று எழுதிக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்தபோது எழுத்து கலைந்து கை முழுக்க நீல மை.

"எடுத்துட்டியா?"

"பத்து நிமிஷம் எடுக்காமத்தான் இருந்தேன். பழுது எங்க இருக்குன்னுகூடத் தெரிஞ்சிடுச்சு. அழிக்கிற கமாண்ட அடிச்சுட்டு என்டர் தட்ட முடியல. விரல் வரவே மாட்டேங்குது. திரும்பப் போய் காப்பி எடுத்தேன்."

"அது சரி."

"நீங்களும் அப்பா மாதிரி ஆரம்பிக்காதீங்க நர்ஸம்மா."

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். கடைசி ஞாயிறுக்கு ஒன்பது நாள் இருந்தது. அதில் ஒரு நாள், கதவில் நான் ஒட்டியிருந்த மருந்து அட்டவணையை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். என் வேலையைக் கற்றுக்கொள்கிறாள் என்று புரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அப்பாவை ஒருக்களித்துப் பிடித்திருந்தோம். நான் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பாப்பாவின் போன் அடித்தது. ஒரு கையைத்தான் எடுக்க முடிந்ததால் அதைக் கட்டிலில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். இரண்டாவது கம்பெனியில் தேர்வு வைத்தவர்.

"மேடம், நீங்க கேட்ட பதவிக்கு வேற ஆள் எடுத்துட்டோம். ஆனா இங்க பேக்கப் வேலை ஒண்ணு இருக்கு. தினமும் எடுக்குற காப்பியெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்கணும். யாரும் அதுக்கு வர மாட்டேங்கிறாங்க. உங்களுக்கு ஓகேவா?"

"சரி," என்றார் அப்பா.

"யாரு மேடம் அது?"

"எங்கப்பா. அவர் எல்லாத்துக்கும் அதான் சொல்வார். நான் இன்னும் சொல்லல. என்ன பதவி?"

"ஜூனியர்."

"ஒன்பது வருஷம் வேலை பாத்துருக்கேன் சார்."

"அதுக்கப்புறம் ரெண்டு வருஷ ப்ரேக் இருக்கே மேடம்."

"எனக்கு மேல யாரு?"

"ஒருத்தர் இருக்காரு. மூணு வருஷ அனுபவம்."

"திங்கக்கிழமை சொல்லவா?"

"இன்னைக்கே முடிக்கணும்."

அவள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள், கதவில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தாள். "வரேன்," என்றாள். போன் நின்றதும் அப்பாவை மல்லாக்கப் போட்டதில் வேகம் கொஞ்சம் அதிகம்.

"மெதுவா. அவர் என்ன பண்ணார்."

"முதன்முதல்ல வேலைக்குச் சேந்தப்போ ஜூனியர். இப்பவும் ஜூனியர்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து, கிடைத்தது என்ன வேலை என்று கேட்டார்.

"காப்பி எடுக்குற வேலை."

"ஜெராக்ஸ் கடையிலயா?"

"ஆமா. உனக்கு எத்தன காப்பி வேணும்?"

அவர் கார் சாவியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அப்ப நர்ஸம்மா இருக்கட்டும்," என்றார். இன்னொரு வீட்டுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்தாள். பையை வைத்துவிட்டு நேராகக் கைகழுவப் போனாள்.

"எப்படி இருந்துச்சு?"

"மூணு வருஷமா எடுத்து வச்சிருக்காங்க. இன்னைக்கு இருபது காப்பிய திறந்து பாத்தேன். பதினொண்ணு திறக்கல."

"மேல சொன்னியா?"

"சொன்னேன். புகாரா எழுதிப் போடுங்கன்னாங்க. போட்டேன். ஒரு மணி நேரத்துல அது சுத்திட்டு எங்கிட்டயே வந்துச்சு. பேக்கப் பழுதெல்லாம் ஜூனியர்தான் பாக்கணுமாம்."

"இப்ப என்ன செய்யப் போற?"

"நாளைக்கு மீதியையும் திறந்து பாக்கணும். ராத்திரி வேற கம்பெனி நாலுக்கு அப்ளிகேஷன் போட்டு வைக்கணும்."

அப்பாவைத் திருப்பும் நேரமாகியிருந்தது. அவள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.