மணி கட்டிய சைக்கிள்

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் நான் செய்கிற காரியத்தைப் பார்த்தால் நம் நாகர்கோவில் ஆட்கள் சிரிப்பார்கள். சைக்கிளை வாசலில் நிறுத்திப் பூட்டியபின், பின்சக்கரக் கம்பியில் ஒரு மாட்டு மணியைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். பூட்டு மட்டும் போதாது. பூட்டிய வண்டியைத் தோளில் தூக்கிப் போய்விடுகிறார்கள். மணி இருந்தால், யார் அசைத்தாலும் எனக்குக் கேட்கும். ஓசூருக்கு மருத்துவச்சி வேலைக்கு வந்த நாளிலிருந்து, கை தாயிடமும் காது வாசலிலுமாகத்தான் என் பிழைப்பு நடக்கிறது.

ஊரில் இப்படி இல்லை. அங்கே நான் சைக்கிள் மிதித்தால் என்னைப் பார்ப்பார்கள், சைக்கிளை யாரும் பார்க்க மாட்டார்கள். கோயில் மதிலில் சாத்திவிட்டு ஆராதனை முடிந்து வந்தால் வைத்த இடத்தில் நிற்கும். இங்கே பெண் சைக்கிள் ஓட்டுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணெல்லாம் வண்டி மேல்தான். அப்பா அதைத் திருநெல்வேலியில் ரயிலேற்றி அனுப்ப, சாமல்பட்டியில் இறக்கி லாரியில் ஓசூருக்குக் கொண்டுவந்தேன். அது இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. எல்லையோரத்துக் கிராமங்களுக்கு வேறு எதில் போவது?

வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "பீகா ஹாக்கம்மா, பீகா" என்று கத்தினாள். கன்னடத்தில் 'பேகா' என்றால் சீக்கிரம் என்று மட்டும் எனக்குத் தெரியும். அவசரம் போலிருக்கிறது என்று வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே ஒரு அவசரமும் இல்லை. 'பீகா' என்றால் பூட்டு. பூட்டச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தபோது சைக்கிள் பம்பு போயிருந்தது. மணி வாங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்த மணியும் ஒரு நாள் அடிக்கவில்லை. எல்லைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நஞ்சப்பா என்கிற வண்டிக்காரரின் குழந்தைக்குத் தொப்புள் பழுத்திருந்தது. நாள்தோறும் போய்த் துடைத்து மருந்து வைக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்கிற நிலை. அன்று முற்பகல் குழந்தையை மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்தேன். கை வேலை செய்தது, காது வாசலில் இருந்தது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமின்மையே என்னவோ போலிருந்தது. தெருநாய் உரசினால்கூட ஒரு முறை கிணுங்குகிற மணி அது. பாதியில் எழுந்து பார்க்கவும் முடியாது, குழந்தையின் தொப்புள் திறந்து கிடக்கிறது. கட்டி முடித்துவிட்டு வெளியே ஓடினேன். வாசல் காலியாக இருந்தது.

நஞ்சப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "நம்ம வாசல்லயா?" என்றார். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் மண்ணில் டயர்த்தடம் தெளிவாக விழுந்திருந்தது. அவர் முன்னே போக, நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தடம் எல்லை தாண்டி மைசூர் ராஜ்யத்துக்குள் போய், வேறொரு வழியாக நம் பக்கமே திரும்பி வந்தது. அந்தப் பக்கம் சாராயம் கிடைக்கும், இந்தப் பக்கம் மதுவிலக்கு. அவர் நடை தளர்ந்தது.

சோதனைச் சாவடியில் என் சைக்கிள் நின்றது. பூட்டு உடைந்திருந்தது. கேரியரில் சாராயம் நிரப்பிய லாரி டியூப் ஒன்று பாம்பு மாதிரி சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஓட்டி வந்தவன் போலீஸைப் பார்த்ததும் போட்டுவிட்டு ஓடிவிட்டானாம். எனக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சுதான் வந்தது.

"சார், இது எனக்க சைக்கிளாக்கும்."

"எனக்கு எனக்குன்னா தூக்கிக் குடுத்துடுவமா? சாராய வண்டிம்மா இது" என்றார் போலீஸ்காரர். என்னுடையது என்று நான் சொன்னது, எனக்குக் கொடு என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. தமிழிலும் நான் அசலூர்க்காரிதான் என்பது அப்போது உறைத்தது.

"என்னோடதுங்க. நான் நர்ஸு."

"அப்ப சரக்கும் உங்களோடதுதானா? பிரசவம் பாக்கப் போறேன்னு ஊரூரா சுத்துறவங்க. நல்ல தோதுதான்."

வழக்கு என்று ஆனால் வேலை போய்விடும், எந்த முகத்தோடு ஊர் திரும்புவது? அப்போதுதான் மணியைப் பார்த்தேன். அதன் நாக்கில் துணி சுற்றியிருந்தது. மஞ்சள் மருந்துக் கறை படிந்த பேண்டேஜ் துணி. நஞ்சப்பாவின் தம்பி முனிராஜின் காலில் நானே கட்டிவிட்டது. நான் மணி கட்டுவதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன்.

நஞ்சப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். எங்கள் கண்கள் ஒரு கணம் சந்தித்தன. நான் சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு அந்தக் குழந்தையிடம் என்னை விடுவார்களா? சொல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்?

"அந்தம்மாவ உட்டுடுங்க சார்" என்றார் அவர். "எடுத்துக்கினு போனது எந் தம்பி. அந்தத் துணி அவங் கால்ல கட்டியிருந்தது. எம் புள்ளைக்கு மருந்து போட வந்த எடத்துல இப்டி பண்ணிட்டான்."

"கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுக்கிறியா?"

"அந்தம்மாவுக்கு இங்க யாரு சார் இருக்கா, வந்து சொல்றதுக்கு?"

மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் மருந்து வைக்கப் போகும்போது, காலையிலேயே முனிராஜைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வழியில் கேள்விப்பட்டேன். ஊர் எல்லையில் இறங்கி வெகுநேரம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மருந்து வைக்காத அந்தத் தொப்புள் கண்முன்னே வந்துகொண்டே இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் பேச்சு நின்றது. யாரோ ஒருத்தி கன்னடத்தில் ஏதோ சொல்லிக் காறித் துப்பினாள்.

நஞ்சப்பாவின் அம்மா வாசற்படியில் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே குழந்தை அழுதது. முந்தின நாளைவிடத் தெம்பான அழுகை. ஒரு கையில் வண்டியைப் பிடித்தபடி பையிலிருந்து மணியை எடுத்தேன். அவள் மெல்ல எழுந்தாள். என் கையிலிருந்த ஹேண்டில்பாரைப் பிடுங்கி, சைக்கிளை வீட்டுக்குள் இழுத்தாள். வாசல் குறுகல். ஹேண்டில்பார் கதவு நிலையில் இடித்து வண்டி அப்படியே சிக்கிக்கொண்டது. முன்சக்கரம் குழந்தை கிடந்த பாய்ப் பக்கம் இருந்தது. பின்சக்கரம் தெருவில், ஊர்க்கண்கள் எல்லாம் பார்க்க நின்றது. அவள் உள்ளேயிருந்து இழுத்தாள். நான் வெளியே நின்று தள்ளினேன்.