லேமினேட் செய்த பட்டம்

வியட்நாமில் ஆங்கிலம் கற்பிக்க ஒரு பள்ளி என்னைத் தேர்ந்தெடுத்தது. கையோடு ஒரு பட்டியலையும் அனுப்பியது. பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை. போதாக்குறைக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க ஒரு தேர்வு. பாலர் பள்ளியிலிருந்தே ஆங்கிலத்தில் சண்டை போட்டு வளர்ந்தவள் நான். இருந்தாலும் முணுமுணுக்காமல் எழுதினேன். எல்லாம் தயாராக இரண்டு மாதம் கெடு. தவறினால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

பட்டச் சான்றிதழின் பின்பக்கத்தில் அரசாங்க முத்திரை இருக்க வேண்டுமாம். எங்கள் தீவிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ரயில் பிடித்துக் கோலாலம்பூர் போனேன். முத்திரையிடும் அரசு அலுவலகத்தின் முகப்பில் இருந்த அக்கா சான்றிதழைத் தொட்டதுமே திருப்பி நீட்டினார்.

"இதுல சாப்பு அடிக்க முடியாதுலா, தங்கச்சி. பிளாஸ்டிக் மேல மை நிக்காது. யாரு லேமினேட் பண்ணச் சொன்னது?"

அப்பாதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மதிப்புள்ள எந்தக் காகிதத்தையும் அவர் சும்மா விட்டதில்லை. பிறப்புப் பத்திரம், என் தேர்வு முடிவுகள், அம்மாவின் கிளினிக் அட்டை வரைக்கும் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். கூரை ஒழுகும், கரையான் அரிக்கும் என்பது அவர் கணக்கு. பட்டமளிப்பு முடிந்த மறுநாளே என் சான்றிதழும் கடைக்குப் போய்விட்டது. அப்போது எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். "போட்டவனுக்குப் பிரிக்கத் தெரியாதா? வா, போவோம்." கடைக்காரர் சூடு காட்டி ஒரு மூலையைத் தூக்கினார். பிளாஸ்டிக்கோடு துணைவேந்தரின் கையெழுத்தும் பாதி உரிந்து வந்தது.

"உங்களுக்கு என்னப்பா தெரியும்?" என்று கடையிலேயே கத்திவிட்டேன். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா உரிந்த துண்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதிலுக்குத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மாற்றுச் சான்றிதழ் வேண்டுமானால் போலீஸ் புகார் கொண்டு வா என்றது பல்கலைக்கழகம். இங்கே எது தொலைந்தாலும் எது கெட்டாலும் முதலில் போலீஸ் புகார்தான். அப்பாவும் கூட வந்தார். காவல் நிலையத்தில் இருந்த இளம் மலாய்க்காரர் தட்டச்சு செய்தபடியே, எப்படிக் கெட்டது என்று மலாயில் கேட்டார்.

நான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்றேன். கத்தியதற்கு மன்னிப்பாக நான் வைத்திருந்தது அந்தப் பொய் ஒன்றுதான்.

பின்னால் நின்ற அப்பா மலாயில் குறுக்கிட்டார். "இல்லை, இவள் இல்லை. நான் செய்தது. என் பெயரைப் போடுங்கள்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. என் தந்தை சான்றிதழைச் சேதப்படுத்திவிட்டார் என்று அச்சாகி வந்த தாளில், எங்கே கையெழுத்திட வேண்டும் என்று அப்பாவே விரல் வைத்துக் காட்டினார். போட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, மறுபடியும் கோலாலம்பூரில், புதிய சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை விழுந்தது. அங்கேயே படம் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். வேலை உறுதி என்ற பதில் ரயிலிலேயே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிச் சான்றிதழை மேசைமேல் வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை கழுவினார். துண்டில் துடைத்தார், பிறகு சட்டையிலும் ஒருமுறை துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இதத் தொடலாமாம்மா?" என்று கேட்டார்.