இடப்பக்கத்து மச்சான்

முதல் அறிகுறி கோயிலில் வந்தது. ஞாயிறு பூசையில், பக்கத்தில் நிற்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம், என் இடப்பக்கம் நின்ற மச்சான் அன்ரன் கையை நீட்டியிருக்கிறான். நான் வலப்பக்கத்தவருக்குக் கைகொடுத்துவிட்டுப் பீடத்தைப் பார்த்தபடி நின்றேன்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "என்ர தம்பி கையை நீட்டினபடி நிக்கிறான், நீங்கள் திரும்பியும் பாக்கேல்லை. அவன் புது எஞ்சின் வாங்கினது அவ்வளவு எரியுதோ?"

"சத்தியமாக் காணேல்லை."

"ஓம், ஆறடி ஆளைக் காணேல்லை!"

எரிந்தது உண்மைதான். என் படகின் எஞ்சின் இருமி இருமித்தான் வங்காலைக் கரையை விட்டுப் போகும். அவனுடையது ஒரே இழுப்பில் பாடும். ஆனால் அந்தக் கையை நான் காணவில்லை. பொறாமைக்காரன் சொன்னால் யார் நம்புவார்? அன்ரன் எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்தினான்.

பிறகு கதவுநிலையில் இடத்தோளை இடித்தேன். நிறுத்தியிருந்த சைக்கிளின் மேல் விழுந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

"கண்ணில பிழை இல்லை. மூளையில சின்ன இரத்தக்குழாய் ஒண்டு அடைச்சிருக்கு," என்றார் டொக்டர். பாதிப் பார்வையிழப்பு (இரண்டு கண்ணாலும் ஒரே பக்கம் தெரியாமற் போவது).

"அப்ப அந்தப் பக்கம் இருட்டாத் தெரியவேணுமே?"

"இல்லை. இல்லாதது இல்லையெண்டே தெரியாது. அங்க எது மாறினாலும், கண்ணை அங்க கொண்டுபோனாத்தான் பிடிபடும்."

மனைவியிடம் சொன்னேன்: "பாத்தியோ? எரிச்சலில்லை, அடைப்பு." அவள் அழுதாள். வென்ற மகிழ்ச்சியில் இருந்த நான், எதை வென்றேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

செய்தி கேட்டும் அன்ரன் வரவில்லை. "காணாத கண்ணுக்கு என்ர எஞ்சின் மட்டும் எப்பிடித் தெரிஞ்சதாம்?" என்று கேட்டானாம்.

டொக்டர் தந்த பயிற்சி, தலையை அசைக்காமல் கண்ணை இடப்பக்கம் எறிந்து மீட்பது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சுவரைப் பார்த்துச் செய்தால் அலுத்துவிடும். பார்க்காமல் இருக்க முடியாத ஒன்றை இடப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலிக்கு அப்பால் அன்ரனின் வீட்டு வளவு இருந்தது. விறாந்தையில் கதிரையைப் போட்டேன். முதலில் கண் போனாலும் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு வேலியில் ஒரு புது வலை. இன்னொரு நாள் நீலத் தண்ணீர்த் தாங்கி. வயிறு எரிந்தது, கண் தேறியது.

"நல்ல முன்னேற்றம். எப்பிடிப் பழகினனீங்கள்?" என்றார் டொக்டர்.

மனைவி முந்திக்கொண்டாள்: "அடுத்த வீட்டைப் பாக்க அவரை ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை."

போன பாதி திரும்பவில்லை. உலகின் வலப்பக்கம் தானாக வருகிறது. இடப்பக்கத்தை நான் போய்க் கூட்டிவர வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு நொடி பிந்தியே வாழ்கிறேன்.

போன ஞாயிறு, சமாதானம் சொல்லும் நேரம், கண்ணை இடப்பக்கம் அனுப்பினேன். அங்கே ஒரு கை நீண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நீட்டியிருந்தானோ! பற்றிக்கொண்டேன்.

"அத்தான், கண்டிட்டீங்களோ?" என்றான் அன்ரன்.

"கண்டனான். கையில உந்த மணிக்கூடு எப்ப வாங்கினனீ?"