கண்டக்டர் மாமாவின் பற்கள்

எங்கள் மாமாவுக்குப் பல்லில் ஒரு குறையும் கிடையாது. சோடா மூடியைப் பல்லாலேயே திறந்து கொடுப்பார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் விசிலடித்தால் பின்னால் நிற்கும் லாரியும் சேர்ந்து கிளம்பும். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் என் அம்மாவுக்குத் துணையாகப் பல் டாக்டரிடம் போனார். அங்கே வேலை செய்த நர்ஸைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் காலி.

மறுவாரமே கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று தானும் போய் உட்கார்ந்தார். டாக்டர் கிழவருக்குக் கண் மங்கல், கை மட்டும் துறுதுறு. வலிக்கிறது என்றால் பிடுங்கிவிடுவார். பிடுங்கும்போது மாமாவின் தலை ஆடாமல் அந்த நர்ஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

மாமா போனதெல்லாம் மனதில் இருப்பதைச் சொல்லத்தான். பிடுங்கும் முன் தைரியம் வராது. பிடுங்கும்போது வாய் பிளந்திருக்கும். பிடுங்கியபின் அவள் பஞ்சை வைத்து, பேசாமல் கடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். அவள் பேச்சை மாமா மீறுவாரா? வீடுவரை பஞ்சைக் கடித்துக்கொண்டே வந்து, அடுத்து எந்தப் பல்லைக் கொடுக்கலாம் என்று நாக்கால் தடவிப் பார்ப்பார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ரோட்டில் பார்த்துச் சொல்லித் தொலையேன் என்றாள். ரோட்டில் நின்று பேசுகிறவன் பொறுக்கி, நோயாளிக்குத்தான் மரியாதை என்பது மாமாவின் சட்டம். வேறு வழியில்லாமல் அம்மா எல்லாவற்றையும் குழையக் குழைய வேகவைத்தாள். நாங்களும் அதையே தின்று வளர்ந்தோம். மாமா ஈறில் தடவிக்கொள்ளும் கிராம்புத் தைல வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தச் சமையலறைதான் ஞாபகம் வரும். மாமாவைக் கிண்டலடித்து நாங்கள் அங்கே சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

முன்பற்களும் போனபிறகு விசில் வெறும் காற்றானது. டிரைவர், கண்ணாடியில் மாமாவின் தலையாட்டலைப் பார்த்து வண்டியை எடுக்கப் பழகிக்கொண்டார்.

கடைசிப் பல்லும் போனது. மாமா பல்செட் மாட்டிக்கொண்டு, "இனிமே புடுங்க ஒண்ணுமில்லக்கா. நேரா போய்ப் பேசிடுறேன்" என்றார். அம்மா புதுச் சட்டை எடுத்துவைத்தாள்.

அதற்குள் ஒரு மத்தியானம் அந்த நர்ஸே அவருடைய பஸ்ஸில் ஏறினாள். கையில் பெட்டி. வேலையை விட்டுவிட்டதாகவும், வெளியூரில் கல்யாணம் பேசியிருப்பதாகவும், தனக்கு அதில் அவ்வளவாக மனமில்லை என்றும் சொன்னாள். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் நல்ல பல்லுன்னு எனக்குத் தெரியாதா? அடுத்த தடவையாவது பேசுவீங்கன்னுதான் தலையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள்.

மாமாவின் வாயில் பஞ்சு இல்லை. பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. பஸ்ஸிலும் கூட்டமில்லை. ஆனாலும் பாழாய்ப்போன வாய், தினமும் சொல்லிப் பழகியதைத்தான் சொன்னது.

"எங்க எறங்கணும்?"

அவள் பர்ஸைத் திறந்து சில்லறையை எடுத்தாள். பிறகு, "ஸ்டேஷன்" என்றாள். மாமா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.